கால் எலும்பு தாடைக்குப் போனால் நடக்க முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. கீழ்த்தாடையின் வலப்பக்கம் ஒரு வருடமாக மெல்ல வீங்கிக்கொண்டு வந்தது. சொத்தை என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினோம், வீக்கம் போகவில்லை. பயாப்ஸியில் ‘அமெலோபிளாஸ்டோமா’ என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர், தாடையில் 8 சென்டிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் சுரண்டி எடுத்தாலே போதும் என்கிறார். இரும்புத் தகடு மட்டும் வைத்தால் என்ன என்று என் தம்பி கேட்கிறான். கால் எலும்பை எடுத்தால் நொண்டியாகிவிடுவாளா? தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம், அது முடிந்த பிறகு செய்யலாமா? இது புற்றுநோயா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. பல் உருவாக்கும் திசுவின் மிச்சத்திலிருந்து கிளம்பும் கட்டி. வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. அதற்காகச் சாதுவான கட்டி என்றும் சொல்ல மாட்டேன். தாடை எலும்பை அரித்துக்கொண்டே போகும்; ஸ்கேனில் தெரிகிற எல்லையைத் தாண்டியும் எலும்புக்குள் ஊடுருவியிருக்கும். அதனால்தான் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறோம்.

சுரண்டினால் போதும் என்றவரும் காரணமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார். இந்தக் கட்டியில் ‘யூனிசிஸ்டிக்’ என்றொரு வகை உண்டு. ஒரே பையாக இருக்கும். அதில் சில கட்டிகளை வழித்தெடுத்துவிட்டுக் கண்காணித்தாலே போதும். பல அறைகளாகத் தேன்கூடு மாதிரி இருக்கும் வகையைச் சுரண்டினால், திரும்பி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பத்து வருடம் கழித்தும் வரும். பயாப்ஸி அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது? நீங்கள் குறிப்பிடவில்லை. இரண்டு மருத்துவர்களிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். 8 சென்டிமீட்டர் என்று ஒருவர் அளந்து சொல்லியிருப்பதால் இரண்டாவது வகையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, காலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்பக்கம் இருக்கும் தடித்த எலும்பு. நாங்கள் எடுப்பது வெளிப்பக்கத்தில் குச்சி மாதிரி இருக்கும் ஃபிபுலா. அதிலும் முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் எடுப்போம். பெரும்பாலானோர் ஒரு வாரத்துக்குள் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கட்டைவிரலை மடக்கும் பலம் கொஞ்சம் குறையலாம், கணுக்கால் சில மாதம் விறைப்பாக இருக்கலாம், காலின் வெளிப்பக்கம் நீளமான தழும்பு நிற்கும். நொண்டியாகிவிடுவாள் என்று பயப்பட வேண்டாம். சிலருக்கு மட்டும் பாதத்துக்கான ரத்தமே இந்த எலும்பை ஒட்டி ஓடும் குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் போகும். அப்படி இருந்தால் அந்தக் காலைத் தொடக்கூடாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் முன்கூட்டியே காலுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கிறோம். உங்கள் மகளுக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள்.

எலும்பு வேண்டும் என்றால் இடுப்பில் கொஞ்சம் எடுத்து வைக்கக்கூடாதா என்றும் சிலர் கேட்பார்கள். சின்ன இடைவெளிக்கு, ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் என்றால், வைக்கலாம். முருங்கைப் போத்து நடுவது போல அது. சுற்றியுள்ள மண் நன்றாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். 8 சென்டிமீட்டருக்கு அந்த நம்பிக்கை போதாது. ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து வந்து, கழுத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறோம். கன்றை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து நடுகிற மாதிரி. தைக்கும் குழாயின் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மெல்போர்னில் இயான் டெய்லர் என்ற அறுவை மருத்துவர் இந்த எலும்பை இப்படி மாற்றி வைத்ததை 1975-இல் வெளியிட்டார்; அது அடிபட்ட காலுக்காக. தாடைக்கு இதைக் கொண்டுவந்தவர் நியூயார்க் மருத்துவர் ஹிடால்கோ; 1989-இல் அதை வெளியிட்டார். நேராக இருக்கும் எலும்பை இரண்டு மூன்று துண்டாக்கித் தாடையின் வளைவுக்கு மடக்குகிறோம். எங்கே, எந்தக் கோணத்தில் அறுப்பது என்பதை இப்போது கணினியிலேயே முடிவு செய்துகொள்ள முடிகிறது.

உங்கள் தம்பி சொல்லும் தகட்டுக்கு (டைட்டானியம் அது, இரும்பு இல்லை) நான் ஒப்ப மாட்டேன். எலும்பில்லாமல் தகடு மட்டும் தினமும் மெல்லும் வேலையைச் சுமந்தால், சில வருடங்களில் உடையலாம், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியலாம். வயதான, நீண்ட அறுவை சிகிச்சை தாங்காத ஒருவருக்கு அது சரி. 24 வயதுப் பெண்ணுக்கு வேண்டாம்.

நீங்கள் காலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எங்களுக்கோ முதல் மூன்று நாள்தான் கவலை. எட்டு முதல் பத்து மணி நேர அறுவை. அதன்பின் ஐ.சி.யூ.வில் செவிலியர் மணிக்கொரு தரம் வந்து தைத்த குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார். அடைப்பு வந்தால் நள்ளிரவானாலும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். உடனே போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் எலும்பு பிழைத்துவிடுகிறது. சில நாள் மூக்கு வழியே குழாயில் உணவு, தேவைப்பட்டால் கழுத்தில் சுவாசத்துக்கு ஒரு துளை, இரண்டும் தற்காலிகம்தான். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். தாடைக்குள் ஓடும் உணர்ச்சி நரம்பும் கட்டியோடு போய்விட்டால், வலப்பக்கக் கீழுதடு மரத்தே இருக்கும். காபி வழிந்தால்கூடத் தெரியாது. பல் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பொதுவாக ஆறு மாதம் கழித்து.

கல்யாணம். கட்டி மெதுவாக வளர்வது, ஆகவே இன்னும் சில வாரம் யோசித்து, மூன்றாவது கருத்துக் கேட்டு முடிவெடுங்கள், பாதகமில்லை. தை வரைக்கும் போட்டு, அப்புறம் மறுவீடு, தலை தீபாவளி என்று இழுத்தால் 8 சென்டிமீட்டர் 10 ஆகலாம். நானாக இருந்தால் தேதியைத்தான் தள்ளுவேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை முதலில் உங்கள் மகளிடம் கேளுங்கள். கடிதம் முழுக்க அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், அந்தப் பல்லைப் பிடுங்கியபோது எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் தேடி எடுத்துவையுங்கள். இடையில் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அதை வைத்துப் பார்க்கலாம்.