டையிங்குக்குப் போன துணி எத்தனை கிலோ திரும்பியது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்), ஆண்டு விற்றுமுதல் 9 கோடி. கணக்கு டேலியில் ஓடுகிறது. உற்பத்தி முழுக்க எக்ஸலும் டி.சி. (சரக்கு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகமும்தான். எந்தத் துணி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. மூன்று பேர் ஈ.ஆர்.பி.க்கு (மொத்த நிர்வாகத்துக்கான மென்பொருள்) விலை கொடுத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம். சென்ற மாதம் முடித்த ஓர் ஆர்டரின் காகிதங்களை எடுங்கள்: நூல் பில், நிட்டிங் (துணி பின்னல்) டி.சி., டையிங் (சாயமேற்றல்) டி.சி., கட்டிங் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட். மூவரிடமும் அதையே கொடுத்து, உங்கள் முன்னால் பதிந்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கு எப்போதும் ஒழுங்காக ஓடும். சிக்கல் உங்கள் ஆர்டரில்தான் வெளிப்படும்.

பனியன் தொழிலில் பொதுவான மென்பொருள் தடுமாறுவது அளவு மாறும் இடத்தில். நூலும் துணியும் கிலோ. ஆனால் துணியோடு ரோல், டயா (பின்னல் விட்டம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) மூன்றும் ஒட்டிக்கொண்டே வரவேண்டும். கட்டிங்கில் கிலோ பீஸாகி, உடனே கலர், சைஸ் என்று பிரியும். 1,000 கிலோ கிரே துணி (சாயம் ஏற்றாதது) டையிங்குக்குப் போய் 930 கிலோ திரும்பினால், மீதி 70 கிலோ சேதாரமா, பாக்கியா என்று மென்பொருள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த 70 கிலோ டையிங்காரர் பெயரிலேயே நிற்கும். இப்படி நாலு லாட் சேர்ந்தால் இருப்புக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். சூப்பர்வைசர் பழைய நோட்டையே எடுத்துவிடுவார். அதே 930 கிலோவில் பீஸுக்கு 200 கிராம் என்றால் 4,650 பீஸ் விழ வேண்டும். 4,400தான் விழுந்தது என்றால் அன்று மாலையே திரையில் தெரிய வேண்டும். கட்டிங் வேஸ்ட் எடையைப் பதிய இடம் இல்லாத மென்பொருளை அங்கேயே கழித்துவிடுங்கள்.

அடுத்தது டி.சி. ஜாப் ஒர்க்குக்கு (வெளியாரிடம் கூலிக்குச் செய்யும் வேலை) அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பாமலும், அங்கிருந்தே விற்கப்படாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே நீங்கள் விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும், வரியோடு வட்டியும் வரும். ஆகவே டி.சி. வாரியாக நிலுவையும், எத்தனை நாள் ஆயிற்று என்பதும் ஒரே பட்டியலில் வரவேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால், ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவம் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதையும் அந்தப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸும் உங்களுக்குக் கட்டாயம். பில் போடும் திரையிலிருந்தே ஐ.ஆர்.என். (அந்தப் பதிவு எண்) வரவேண்டும், தனியாக இன்னொரு தளத்தில் தட்டச்சு செய்யும் ஏற்பாடு வேண்டாம்.

டேலியை விட வேண்டியதில்லை. கணக்கு அங்கேயே இருக்கட்டும்; உற்பத்திக்கு மட்டும் வேறு மென்பொருள் எடுத்து, பில்களை டேலிக்கு அனுப்பினால் போதும். கணக்காளரும் தடுமாறமாட்டார்.

விலையை மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: உரிமக் கட்டணம், ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, ரிப்போர்ட் மாற்றும் கூலி. விலகும்போது எல்லாப் பதிவையும் எக்ஸலில் தருவோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

தொடங்குவதற்கு ஏப்ரல் 1 நல்ல நாள். அதற்கு முந்தைய வாரம் நிட்டிங், டையிங், பிரிண்டிங்காரர்களிடம் நேரில் போய் எடை போட்டு, கையெழுத்து வாங்கிய இருப்பை மட்டும் ஏற்றுங்கள். பழைய எக்ஸலை அப்படியே ஏற்றினால் பழைய தப்பும் கூடவே வந்துவிடும். ‘30 கோம்டு பிளாக்’ என்ற ஒரே நூலை மூன்று பெயரில் எழுதியிருப்பார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இதற்கே பத்து நாள் பிடிக்கும்.

கேள்வி: எடிட் லாக் (திருத்தங்களைப் பதிந்து வைக்கும் வசதி) இல்லாத மென்பொருள் சட்டப்படி செல்லாது என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

பதில்: கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும், அதுவும் கணக்குப் பதிவு மென்பொருளுக்கு, 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். உங்களைப் போன்ற கூட்டு நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள். டி.சி.யில் 930 கிலோவை 950 ஆக யார், எப்போது திருத்தினார் என்பது அதில்தான் தெரியும்.