தொடர்பில்லாத இரண்டு புராசஸ்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்வது எப்படி?

கேள்வி: லினக்ஸ் கணினியில் சி மொழியில் எழுதிய இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று சென்சார்களின் அளவீடுகளை நொடிக்குப் பல நூறு முறை சேகரிக்கிறது. மற்றொன்று அவற்றைத் திரையில் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு பயனர்களின் பெயரில் தனித்தனியே தொடங்கப்படுகின்றன. மாலாக் (நினைவகம் ஒதுக்கும் சி அழைப்பு) மூலம் பெற்ற முகவரியை பைப் (நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் குழாய்) வழியாக இரண்டாவது நிரலுக்கு அனுப்பினேன். அதைத் தொட்டவுடன் செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட பிழை) வருகிறது. கோப்பில் எழுதி எழுதிப் படிக்காமல், நினைவகத்தையே பகிர வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், நீங்கள் அனுப்பிய முகவரி ஏன் பயன்படவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தனியான பக்க அட்டவணையை வைத்திருக்கிறது. நிரல் பார்க்கும் முகவரிகள் எல்லாம் அந்த அட்டவணை வழியாகவே உண்மையான ராம் நினைவகத்துக்குச் செல்கின்றன. 12ஆம் எண் வீடு எல்லாத் தெருவிலும் இருப்பதைப் போல, ஒரே முகவரி இரண்டு புராசஸ்களில் இரண்டு வேறு இடங்களைக் குறிக்கலாம், அல்லது எதையுமே குறிக்காமல் போகலாம். ஆகவே அனுப்ப வேண்டியது முகவரியை அல்ல. இரண்டு நிரல்களும் கெர்னலிடம் ஒரே பொருளைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு பெயர் வேண்டும். ஃபோர்க் (ஒரு புராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் அழைப்பு) மூலம் பிறந்த சேய்ப் புராசஸ் பகிர்ந்த நினைவகத்தைத் தாயிடமிருந்தே பெற்றுக்கொள்ளும் என்பதால் அதற்குப் பெயர் தேவையில்லை. உங்களுடையவை தொடர்பில்லாதவை, அதனால் தேவைப்படுகிறது.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை தரும் வழி இது. சேகரிக்கும் நிரல் ‘ஷெம்-ஓப்பன்’ அழைப்பில் சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயரைக் கொடுத்து நினைவகப் பொருளை உருவாக்கும். அப்போது அதன் அளவு 0 பைட் என்பதால் ‘எஃப்-ட்ரங்கேட்’ மூலம் அளவைக் குறித்து, ‘எம்மேப்’ அழைப்பில் ‘மேப்-ஷேர்ட்’ கொடியுடன் தன் முகவரி வெளியில் இணைத்துக்கொள்ளும். காட்டும் நிரல் அதே பெயரைத் திறந்து, அதே அளவில், படிக்க மட்டுமேயான உரிமையுடன் இணைத்துக்கொள்ளும். ‘மேப்-ஷேர்ட்’ என்பதற்குப் பதிலாக ‘மேப்-பிரைவேட்’ என்று எழுதிவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது; ஆனால் எழுதும் நிரலின் மாற்றங்கள் அதன் சொந்தப் பிரதியிலேயே தங்கிவிடும். பயனர்கள் வேறு என்பதால் அனுமதியை 0640 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழுவினர் படிக்க மட்டும்) என்று வைத்து, இருவரையும் ஒரே குழுவில் சேர்ப்பது நல்லது. யுமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) அந்த அனுமதியைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் ‘எஃப்-சிஎச்மோட்’ மூலம் மறுபடியும் உறுதிசெய்யுங்கள்.

நினைவகத்தை இணைப்பது இருபது வரி வேலைதான். அதற்குள் என்ன வைப்பது, எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள். பகிர்ந்த பகுதி இரண்டு புராசஸ்களிலும் ஒரே முகவரியில் இணையும் என்று உத்தரவாதம் இல்லை. எனவே அதற்குள் பாயிண்டர்களை, அதாவது முகவரிகளை, சேமிக்கவே கூடாது. பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற தூரத்தை மட்டும் சேமியுங்கள். எண்களுக்கு 32 பிட், 64 பிட் என்று அகலம் வரையறுத்த வகைகளையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு நிரலை 32 பிட்டில் தொகுத்த நாளில் அமைப்பு முழுவதும் நகர்ந்துவிடும். தொடக்கத்தில் ஓர் அடையாள எண்ணும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். அடையாள எண்ணை எல்லாத் தயாரிப்பும் முடிந்த பிறகு கடைசியாக எழுதினால், பாதி தயாரான நினைவகத்தைக் காட்டும் நிரல் படித்துவிடாது.

அடுத்தது ஒத்திசைவு. பலரும் உடனே மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டை) தேடுவார்கள். புராசஸ்களுக்கிடையே பகிரும் மியூட்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் பூட்டை வைத்திருக்கும் புராசஸ் இடையில் இறந்தால் மற்றது என்றென்றும் காத்துக் கிடக்கும். அதைத் தவிர்க்க ‘ரோபஸ்ட்’ பண்பு உண்டு: அடுத்துப் பூட்டுபவருக்கு உரிமையாளர் இறந்துவிட்டார் என்ற குறியீடு வரும், அவர் தரவைச் சீர்செய்து அதை அறிவிக்க வேண்டும். தவிர, மியூட்டெக்ஸைப் பூட்டுவதற்கே எழுதும் உரிமை தேவை. வெறுமனே படிக்க வந்த நிரலுக்கு அந்த உரிமையைக் கொடுக்க நான் விரும்பமாட்டேன்.

எழுதுபவர் ஒருவரே என்பதால் உங்களுக்கு வரிசை எண் முறை போதும். எழுதும் நிரல் ஒவ்வொரு முறை எழுதத் தொடங்கும்போதும் எண்ணை ஒன்று கூட்டி ஒற்றைப்படையாக்கும். தரவை எழுதி முடித்தபின் மறுபடி ஒன்று கூட்டி இரட்டைப்படையாக்கும். படிக்கும் நிரல் எண்ணைப் பார்த்து, தரவைத் தன்னிடம் நகலெடுத்து, எண்ணை மீண்டும் பார்க்கும். எண் ஒற்றையாக இருந்தாலோ மாறியிருந்தாலோ நகலைத் தள்ளிவிட்டுத் திரும்ப முயலும். இந்த எண்ணுக்கு சி மொழியின் சி11 தரநிலை தரும் அட்டாமிக் வகையையும் (இடையில் குறுக்கிட முடியாதபடி படித்து எழுதும் வகை), அதற்குரிய நினைவக வேலிகளையும் (நினைவகச் செயல்களின் வரிசையைக் காக்கும் கட்டளைகள்) பயன்படுத்த வேண்டும். சி மொழியின் ‘வாலடைல்’ என்ற சொல் மட்டும் போதாது, ஏனெனில் நினைவகத்தில் எழுதும் செயல்களின் வரிசையை பிராசஸர் மாற்றுவதை அது தடுக்காது. எழுதும் நிரல் பாதியில் இறந்தால் எண் ஒற்றையிலேயே நின்றுவிடும் என்பதால் முயற்சிகளுக்கு ஓர் எல்லை வையுங்கள்.

நடைமுறையில் இடறும் சில இடங்கள்: ‘எஃப்-ட்ரங்கேட்’ அளவைக் குறிக்குமே தவிர ராமை ஒதுக்காது, இடம் தீர்ந்திருந்தால் பிறகு தொடும்போது சிக்பஸ் என்ற சிக்னல் (நினைவகப் பிழையைக் கெர்னல் அறிவிக்கும் செய்தி) வந்து நிரல் விழும். ‘போசிக்ஸ்-ஃபாலொகேட்’ அழைத்தால் அந்தப் பிழை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். டாக்கர் கண்டெய்னருக்குள் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலுக்குள்) பகிர்ந்த நினைவகத்துக்கான இடம் இயல்பாக 64 எம்பி மட்டுமே, அதுவும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனியானது. நிரல் முடிந்தாலும் நினைவகப் பொருள் தானாக அழியாது. ‘ஷெம்-அன்லிங்க்’ அழைக்கும் வரையோ கணினியை மறுதொடக்கம் செய்யும் வரையோ ‘டெவ்’ அடைவின் கீழுள்ள ‘ஷெம்’ அடைவில் அது கோப்பாகத் தெரியும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ‘ரிமூவ்-ஐபிசி’ அமைப்பு இயங்கும் கணினிகளில், சாதாரணப் பயனர் முழுவதுமாக வெளியேறியதும் அவருடைய நினைவகப் பொருள்கள் நீக்கப்படுகின்றன. சேகரிக்கும் நிரலை ஒரு சிஸ்டம் பயனரின் (சேவைகளுக்கென உள்ள கணக்கின்) பெயரில் ஓட்டினால் அந்த விதி அதைத் தொடாது.