எல்லா முடிவுகளும் யூடியூபில் இருக்கும்போது, கதை விளையாட்டில் நல்லது கெட்டது பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பொருள்?

கூலிக்குப் பேய்பிசாசுகளை வேட்டையாடும் வீரனாக நாம் ஆடும் விட்சர் 3 என்ற கதை விளையாட்டை விளையாடிக்கொண்டிருப்பதாகவும், முக்கியமான கட்டம் வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்று இணையத்தில் பார்த்த பிறகே தொடர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே விளையாடுபவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்தில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தைக் கொட்டி விளையாடிவிட்டு, கடைசியில் கெட்ட முடிவு வந்து நிற்கக் கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. விளைவைத் தெரிந்துகொண்டு செய்வது தேர்வே ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தவர், வாழ்க்கையில் ஒருமுறைகூட விளையாட்டுக் கருவியைக் கையில் தொடாத என் அத்தை. கதையின் திருப்பங்களை வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன் என்பதால், அந்த விளையாட்டில் வெலன் என்னும் நிலப்பகுதியில் நடக்கும் கதையை முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். அத்தை வாழ்க்கைப்பட்டது ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில். மாமாவுக்கு அங்கே சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறிக்கும் பருவத்தில் மலைக்குப் போய்விடுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம். பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டால் வெளியில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே அத்தை மகன் தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, விட்சர் 3 விளையாடத் தொடங்கினான். முறத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பி வைத்து, கறுத்ததையும் பூச்சி அரித்ததையும் விரலால் ஒதுக்கிக்கொண்டே அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திரையில் ஓடும் ஒவ்வொரு பேச்சையும் நான் தமிழில் சொல்லியாக வேண்டும். அரபி, ஜப்பானியம், கொரியம் எல்லாவற்றிலும் எழுத்து வரும் அந்த விளையாட்டில் தமிழுக்கு இடமில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத குறை. கதை கேட்டு வளர்ந்த இத்தனை கோடிப் பேர் இருக்கும் மொழி இது. இவ்வளவு நல்ல கதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிலை நியாயமில்லை.

பிலிப் ஸ்ட்ரெங்கர் என்னும் பிரபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன். அவள் வயிற்றிலிருந்த பிள்ளை தங்காமல் போகிறது. பெயரும் சடங்கும் இல்லாமல் புதைக்கப்பட்ட அந்தச் சிசு, கோரமான உருவெடுத்துத் திரும்பி வருகிறது. அதைக் கதாநாயகன் வாளால் வெட்டி முடித்துவிடலாம். அல்லது அந்தப் பிரபுவே அதைக் கையில் ஏந்திப்போய், பெயர் வைத்து, வீட்டு வாசற்படியின் அடியில் புதைக்கலாம். நான் இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் அத்தை, “வெட்டறதுக்கு அது என்ன பண்ணுச்சு கண்ணு? பெத்தவன்தானே, அவனையே தூக்கச் சொல்லு” என்றார். பிறகு அவன் அந்த உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தபோது முறத்தில் விரல் ஓடவே இல்லை. அவன்மேல் அத்தைக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து நான் ஏதோ சொன்னேன். “அடிச்சவன் அழுதா அடிச்சது இல்லைன்னு ஆயிடுமா?” என்று கேட்டார். பெண்ணை அடித்தவனுக்கு இந்த விளையாட்டு வக்காலத்து வாங்குகிறது என்று இங்கே சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பதிலும் அத்தையின் இந்தக் கேள்விதான்.

அடுத்த நாள் மாலையில்தான் அந்தப் பெரிய கட்டம் வந்தது. குன்றின் அடியில், ஒரு மரத்தின் வேரில் கட்டுண்டு கிடக்கிறது ஓர் ஆவி. சதுப்பு நிலத்துச் சூனியக்காரிகள் மூவரும் தங்களிடம் இருக்கும் அநாதைப் பிள்ளைகளைத் தின்னப்போகிறார்கள் என்றும், தன்னை விடுவித்தால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவும் அது சொல்கிறது. அதைக் கொல்ல வேண்டும் என்பது பக்கத்து ஊராரின் கோரிக்கை. பேயின் பேச்சை நம்பி ஓர் ஊரையே பணயம் வைப்பதா என்று மாமா கேட்டார். பிள்ளைகள் சாகக்கூடும் என்று காதில் விழுந்த பிறகு கேட்காததுபோல் போவதா என்று அத்தை கேட்டார். சோறு ஆறிப்போகும்வரை பேசினார்கள். எங்கள் வீட்டில் தோட்டக் கணக்கைப் பற்றிக்கூட இவ்வளவு நேரம் இருவரும் சேர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் அத்தை சொன்னபடி ஆவியை விடுவித்தோம்.

பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் அந்த ஆவி ஊராரைக் கொன்று குவித்தது. சூனியக்காரிகளிடம் சிக்கியிருந்த பிரபுவின் மனைவி, அவர்களுடைய சாபத்தால் உருமாறி இறந்துபோனாள். அவனும் தூக்கில் தொங்கினான். அத்தை மகன் உடனே, ஆட்டத்தை முன்பு பதிந்து வைத்த இடத்திலிருந்து, அதாவது பழைய சேமிப்பைத் திறந்து, மறுபடி ஆடலாம் என்றான். மற்றப் பாதையில் சென்றால் பிரபு உயிரோடு இருப்பான், சித்தம் கலங்கிய மனைவியைக் குணப்படுத்த மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வான் என்பதை அவன் ஏற்கெனவே எங்கோ படித்திருந்தான். அத்தை அவனைத் தடுத்தார்: “தப்பிச்ச பிள்ளைங்களை மறுபடியும் கொண்டுபோய் அவளுங்ககிட்ட வுடச் சொல்றியா?”

உங்கள் கேள்விக்கான என் பதில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ‘அது வெறும் நிரல்தானே, பிள்ளைகளும் இல்லை, ஊரும் இல்லை’ என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். இல்லைதான். ஆனால் அன்று மலைமேல் அந்த வீட்டில் இருவர் உண்மையாகவே யோசித்தார்கள், உண்மையாகவே முரண்பட்டார்கள், நேர்ந்ததைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்கள். விளைவுப் பட்டியலை முன்னால் வைத்திருந்தால், இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் ஊரும் பிரபுவும் என்று சந்தைக் கணக்காக அது சுருங்கியிருக்கும். அத்தையின் தேர்வை மாமா இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எல்லா விளையாட்டுகளும் இதை இவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்று நான் வாதிடவில்லை. 2007-இல் வந்த பயோஷாக்கில், புதிய சக்திகளை வாங்க உதவும் ஆடம் என்னும் பொருளுக்காகச் சிறுமியைப் பலியிட்டால் 160 கிடைக்கும், காப்பாற்றினால் 80. ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் 200 பரிசாக வந்துவிடுகிறது. பாவத்துக்கு 480, புண்ணியத்துக்கு 440 என்றால் இரக்கப்படுவதில் என்ன இழப்பு? மாஸ் எஃபெக்ட் 3-இன் முடிவுகள் நிறத்தில் மட்டும் வேறுபடுகின்றன என்று 2012-இல் எழுந்த கோபத்தையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். அதன் பிறகுதான் அதன் முடிவை விரித்து இலவசமாக வெளியிட்டார்கள். இவற்றை வைத்துப் பார்த்தால் உங்கள் சலிப்பில் காரணம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது விட்சர் 3. அதில் கதாநாயகன் மகளாக வளர்த்த சிரி என்னும் பெண்ணின் கதி எதனால் தீர்மானமாகிறது என்று பாருங்கள். அவள் துக்கத்தில் இருக்கும்போது அவளுடன் பனியுருண்டை எறிந்து விளையாடுகிறோமா, ஆறுதல் என்ற பெயரில் குடிக்க உட்கார வைக்கிறோமா. மந்திரம் கற்ற பெண்களின் சபைக்கு அவளைத் தனியே போக விடுகிறோமா, நாமும் கூடவே போய் நிற்கிறோமா. தனக்கு உதவியவனின் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது உடன் செல்கிறோமா. இவற்றில் எதுவும் அறச்சோதனைபோல் தெரியாது. நல்லது, கெட்டது என்று நிறம் காட்டும் அளவுகோலும் கிடையாது. வளர்ந்த பெண்ணை நம்புகிற தகப்பனா, பொத்திப் பொத்தி வைக்கிற தகப்பனா என்பதை நம்மை அறியாமலே நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது விளையாட்டு. ‘சிறந்த முடிவைப் பெறுவது எப்படி’ என்ற காணொளியைப் பார்த்துவிட்டுப் பனியுருண்டையை எறிந்தால், அங்கே நம்பிக்கை எதுவும் இல்லை. விடையை மனப்பாடம் செய்த மாணவன் மட்டுமே இருக்கிறான். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் யார் சாகிறார்கள் என்று போட்டுக் காட்டுபவர்கள்மீது எனக்குள்ள கோபமும் இதனால்தான். பார்க்க மாட்டேன் என்று இருப்பவனின் தேர்வையும் அவர்கள் பறித்துவிடுகிறார்கள்.

ஒரே சேமிப்பில் கடைசிவரை ஆடி முடித்துவிட்டு, பிறகு மற்ற முடிவுகளை யூடியூபில் பாருங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை, நானும் பார்க்கிறேன். விட்சரில் பல விளைவுகள் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இனி மனம் ஒட்டாது என்றால், பேப்பர்ஸ் ப்ளீஸ் என்ற சிறிய விளையாட்டைத் தொடங்குங்கள். 2013-இல் லூகாஸ் போப் உருவாக்கியது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். நீங்கள் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் ஊழியர். தாள்கள் சரியாக இருக்கும் கணவன் உள்ளே போகிறான். அடுத்து வரும் மனைவியிடம் நுழைவுச் சீட்டு இல்லை, திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால் பிழைச்சீட்டு வரும். ஒரு நாளின் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டும். அதற்குப் பிறகு கூலியில் பிடித்தம், அன்றிரவு உங்கள் வீட்டாரின் சோற்றுக்கோ கணப்புக்கோ காசு குறையும். அதில் 20 முடிவுகள் உண்டு. ஒன்றையும் தேடிப் பார்க்காமல் அந்தப் பெண்ணை விடுவதா வேண்டாமா என்று தீர்மானித்துவிட்டு, இந்தப் பதிலின் கீழே வந்து எழுதுங்கள்.