குழந்தைக்கு வயிற்றில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

மூன்று வயது மகளுக்கு மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு, சாப்பிடும்போது புரையேறுகிறது, உணவு கொடுக்க வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கச் சொல்கிறார்கள், வைத்தால் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கும் இதே பிரச்சினைகள்தான். இப்போது ஆறு வயது. இரண்டே முக்கால் வயதில் குழாய் வைத்தோம். அதற்கு ஒரு வருடம் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் தள்ளிப்போட்டேன்.

அந்த ஒரு வருடம் இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. ஒரு வேளைச் சோற்றைக் குழைத்து ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும். பாதி வழிந்துவிடும், கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே வருடத்தில் மூன்று முறை நிமோனியா. வலிப்பு மருந்தையும் துப்பிவிடுவான், அன்று ராத்திரி வலிப்பு வரும். "வாய் இருக்கிற பிள்ளைக்கு வயித்துல ஓட்டை போடுறதா?" என்று என் அத்தை, அதாவது மாமியார், அழுதார். பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூட வக்கில்லாதவளாகிவிட்டேனே என்று நானும் உள்ளுக்குள் குமைந்தேன்.

அதனால் உங்களுக்கு என் பதில்: டாக்டர் உறுதியாகச் சொல்கிறார் என்றால் வையுங்கள். மூக்கு வழியாகப் போடும் குழாய் சில வாரங்களுக்குத்தான் சரி. மாதக்கணக்கில் தேவைப்படும் என்றால் வயிற்றுக் குழாய்தான் குழந்தைக்குச் சுகம். எங்களுக்கு நாலு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. மருந்து சரியாகப் போனதால் வலிப்பும் குறைந்தது. ஆனால் நெஞ்சுச் சளி அடியோடு போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். எச்சில் புரையேறும், வயிற்றில் இருப்பது மேலே எதுக்களிக்கும். அதனால் வாயால் சாப்பிடாவிட்டாலும் தினமும் இரண்டு வேளை பல் தேய்த்துவிட வேண்டும். வாயில் சேரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஊட்டுவது பழகிவிடும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, 60 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிக் குழாயில் செருகிக் கஞ்சியை ஊற்றுவேன். கையை உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக இறங்கும். முகம் சுளித்தால் உடனே தாழ்த்திவிடுவேன். கஞ்சிக்கு முன்னும் பின்னும் ஆறவைத்த வெந்நீரைக் குழாயில் ஊற்ற வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்கப்போடக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சியில் மட்டும் கவனம். அடுப்பில் இருக்கும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், ஆற ஆறக் கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். நான் ஆறியபிறகு ஒரு தடவை டீ வடிகட்டியில் வடிகட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர் விடுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வாய் ருசியே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர் அவன் விழுங்குவதைப் பார்த்துச் சரி என்றபிறகு, நாக்கில் ஒரு சொட்டு ரசம் தடவுகிறேன். உதட்டைச் சப்புக்கொட்டுவான்.

தமிழ்நாட்டில் இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள். கடுமையான பாதிப்பு இருந்தால் மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவும் அதில் அடங்கும்.

இனி முக்கியமானது. முதல் ஒன்றரை வருடம் ஊட்டுவது, மருந்து, குழாய் எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு வாரம், எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினேன். முதல் நாள் அவருக்குக் கை நடுங்கியது.

போன வருடம் தங்கை வளைகாப்புக்கு நான் திண்டுக்கல் போயிருந்த அன்று, சட்டை மாற்றும்போது குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே பிடித்துக்கொள்ளும் பலூனில் தண்ணீர் கசிந்திருந்திருக்கிறது, வாரம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டியதை நான் விட்டிருந்தேன். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். அத்தை அலமாரியில் இருந்த மாற்றுக் குழாயை எடுத்து, சொல்லிக்கொடுத்தபடியே செருகி, பிளாஸ்திரி ஒட்டி, எதையும் ஊற்றாமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். (துளை நன்றாக ஆறியபிறகுதான் இப்படிச் செய்யலாம். வைத்த முதல் இரண்டு மாதத்துக்குள் கழன்றால் நீங்களாகச் செருகவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.)

ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸிடம் கேட்டு, உங்களோடு வீட்டில் இன்னொருவரையும் கூட்டிப்போய், இருவர் கையாலும் ஒருமுறை ஊற்றிப் பழகிவிட்டு வாருங்கள். கணவரோ, அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. மாற்றுக் குழாய் ஒன்றையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.