இன்ஜினியரிங் புராஜெக்டில் தோற்றுக் கற்பது என்றால் என்ன?

செய்த மாடல் ஓடாதபோது காரணத்தைத் தேடிப் பிடித்து, திருத்தி, மறுபடி செய்து பார்ப்பதுதான் அது. மோட்டார், விளக்கு போன்றவற்றை இயக்கும் சின்ன கன்ட்ரோல் போர்டான ஆர்டுயினோ ஊனோ R3-இல் ஒரு பின் (கம்பி மாட்டும் முனை) தாங்கும் மின்னோட்டத்துக்கு உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். புத்தகத்தில் அது வெறும் எண். ஆனால் கிளம்பும்போது சின்ன மோட்டாரே அதைவிடப் பல மடங்கு இழுக்கும். நேரடியாக மாட்டி, சிப் சூடேறிக் கெட்ட பிறகுதான் நடுவில் டிரைவர் (மோட்டாருக்கு வேண்டிய கூடுதல் மின்னோட்டத்தைத் தரும் சர்க்யூட்) எதற்கு என்று மனதில் பதிகிறது. நம் கணக்கு எங்கே தப்பியது என்பதை அந்தத் தவறே காட்டிவிடுகிறது.

வியாசர்பாடியில் கேரம் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். காய் பாக்கெட் ஓரத்தில் பட்டுத் திரும்பினால், எந்தப் பக்கம் விலகியது என்று பார்த்து அடுத்த முறை ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள்.

அப்புறம், தோற்றாலே பாடம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, எதை மாற்றினோம், என்ன நடந்தது என்று நோட்டில் எழுதாவிட்டால் அடுத்த போர்டும் அதே இடத்தில் கெடும்.