ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டுவது (கடிதம்)

அண்ணா வணக்கம்,

ரைனோ என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் ஒரு பைக் சைடு பேனல் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு சர்ஃபேஸ் (வளைபரப்பு) சேரும் இடத்தில் ஃபில்லட் (ஓரத்தை உருட்டும் வளைவு) நிற்கவில்லை. ஓரங்களை 5 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டிவிட்டு நடுவில் பிளெண்ட் (இரண்டையும் வழுவழுப்பாக இணைக்கும் சர்ஃபேஸ்) போடு என்றார்கள். டாப் வியூவில் ஆஃப்செட் (ஓரத்துக்கு இணையாக உள்ளே ஒரு கோடு) எடுத்து, அதை வைத்து ட்ரிம் செய்தேன், அதாவது வெட்டினேன். வெட்டிய அகலம் ஒரு பக்கம் குறைவாகவும் ஒரு பக்கம் அதிகமாகவும் இருக்கிறது. மூலையில் கோடு முடிச்சு விழுகிறது. ட்ரிம் செய்த பிறகும் கன்ட்ரோல் பாயின்ட்டுகள் (சர்ஃபேஸின் வடிவத்தைப் பிடித்திருக்கும் புள்ளிகள்) பழைய இடத்திலேயே நிற்கின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டும் ஒரு நாளில் சரியாகிவிடும், இது புரியாவிட்டால் வருஷக்கணக்கில் படுத்தும். ட்ரிம் கொடுத்தால் சர்ஃபேஸ் வெட்டுப்படுவதில்லை. நர்ப்ஸ் சர்ஃபேஸ், அதாவது ரைனோவில் நாம் செய்யும் இந்த வகைப் பரப்பு, எப்போதும் நாலு பக்கம் உள்ள முழுத் துணி. அதன் மேல் ஒரு எல்லைக்கோடு போட்டு, வெளியே இருப்பதைக் காட்டாதே என்று சொல்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் பாயின்ட்டுகள் நகரவில்லை, அன்ட்ரிம் கொடுத்தால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஐஜெஸ் ஃபைலாக (ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் ஃபைல்) அச்சு செய்யும் டூல்ரூமுக்கு அனுப்பினேன். அங்கே திறந்தால் மூடியைச் சுற்றி நாலா பக்கமும் சர்ஃபேஸ் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஐஜெஸில் அடிப்படை சர்ஃபேஸுக்கு 128, ட்ரிம் செய்த சர்ஃபேஸுக்கு 144 என்று தனித்தனி எண்கள். அவர்களுடைய சாஃப்ட்வேர் 144ஐப் படிக்க முடியாமல் அடியில் இருந்த 128ஐ முழுசாகக் காட்டிவிட்டது. அன்றிலிருந்து ஷ்ரிங்க்ட்ரிம்ட்சர்ஃப் என்ற கட்டளையைக் கொடுக்காமல் எந்த ஃபைலையும் வெளியே அனுப்புவதில்லை. அது அடியில் இருக்கும் துணியை எல்லைக்கோட்டுக்குப் பக்கம் வரை சுருக்கிவிடும், பாயின்ட்டுகளும் உள்ளே வரும்.

அப்புறம் அகலம். மேல் பகுதி கிட்டத்தட்ட தட்டை, அங்கே 5 என்றால் 5தான். ஆனால் ஓரத்தை நோக்கி 60 டிகிரி சரியும் இடத்தில், மேலிருந்து பார்த்து எடுத்த 5 மி.மீ. சர்ஃபேஸின் மேல் 10 மி.மீ. ஆகிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். டூப்எட்ஜ் கட்டளை கொடுத்து ஓரக்கோட்டை எடுங்கள், ஆஃப்செட்கர்வ்ஆன்சர்ஃப் கட்டளை வைத்து சர்ஃபேஸின் மேலேயே தள்ளுங்கள். நாளைக்கு கேட்டியா என்ற இன்னொரு டிசைன் சாஃப்ட்வேருக்குப் போனால் பேரலல் கர்வில் ஜியோடெசிக் என்று இருக்கும், அதுவும் சர்ஃபேஸோடு ஒட்டி அளப்பதுதான். கோட்டின் முனைகள் ஓரம் வரை போய்த் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு ட்ரிம் கொடுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் வெட்டாது.

மூலையில் முடிச்சு விழுவதற்குக் காரணம் ஆரம். அங்கே ஆரம் 4 மி.மீ. இருந்து நீங்கள் 5 உள்ளே போனால் கோடு தன்னையே தாண்டித்தான் ஆக வேண்டும், எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. முடிச்சை மட்டும் வெட்டி எறிந்தால் கூர்மூலை மிஞ்சும், பிளெண்ட் அங்கேதான் கசங்கும். நீளவாட்டுக் கோடுகளை மட்டும் தனியாகத் தள்ளி, மூலைக்குப் புதிதாக ஒரு வளைவு போடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். வெட்ட வேண்டிய கோடு ஐசோகர்வ் (சர்ஃபேஸின் மேல் நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோடு) ஓடும் திசையிலேயே போகிறது என்றால் ட்ரிம்மைத் தொடவே தொடாதீர்கள். ஸ்ப்ளிட் கட்டளையில் ஐசோகர்வைத் தேர்ந்தெடுத்து ஷ்ரிங்க்குக்கு ‘எஸ்’ கொடுங்கள். இப்போது சர்ஃபேஸ் நிஜமாகவே குட்டையாகிவிட்டது, பாயின்ட் வரிசை சரியாக ஓரத்தில் வந்து உட்காரும். மேட்ச்சர்ஃபில் (ஒரு சர்ஃபேஸின் ஓரத்தை இன்னொன்றோடு பொருத்தும் கட்டளை) நாம் வளைக்கப்போகும் ஓரம் ட்ரிம் ஆகாததாக இருக்க வேண்டும், அதனால் பின்னால் திருத்தம் வரும் என்று தெரிந்தால் இப்படியே செய்யுங்கள். பைக் பேனலுக்குத் திருத்தம் வராமல் இருக்காது.

பிளெண்ட் போட்டதும் ஜீப்ரா (வளைவு சீராக இருக்கிறதா என்று காட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள்) ஆன் செய்யுங்கள். கோடுகள் இரண்டு பக்கமும் உடையாமல் போனாலும் நடுவில் நெருங்கிப் பிதுங்கினால் 5 மி.மீ. இடம் அதற்குப் போதவில்லை, 8 வைத்துப் பாருங்கள். படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.