மகள் நீதிபதி ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள், சட்டம் முடித்த கையோடு நீதிபதி தேர்வு எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு வர மூன்று வருடமாவது வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் இந்த மூன்று வருடம். அதுவரை வீட்டில் எல்லோரும் பொறுத்திருப்பார்களா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. தேறினால் மாவட்ட உரிமையியல் நீதிபதி அல்லது குற்றவியல் நடுவர் பணி. ஒரு பக்கம் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை. இன்னொரு பக்கம் அடிதடி, திருட்டு, செக் கேஸ். முதல் வகுப்பு நடுவர் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய், படிகள் தனி. பிறகு சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று மேலே போகலாம்.

உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் தேர்வு கிடையாது. மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் நியமிப்பார். 1958இல் கேரளத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாகச் சேர்ந்த பாத்திமா பீவி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். நம் ஊர் ஆர். பானுமதி 1988இல் மாவட்ட நீதிபதியாக நேரடியாகத் தேர்வாகி, 2014இல் உச்ச நீதிமன்றம் போனார். ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர்கள் வெகு சிலர். மாவட்ட நீதிமன்ற வேலையே பிடித்திருந்தால்தான் இந்தப் பாதை சரிவரும்.

அந்த மூன்று வருடம் வருமானத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இனி உங்கள் பயமாக இருக்கும். ஜூனியருக்கு சீனியர் தரும் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். சில இடங்களில் அதுவும் கிடைக்காது. அதனால் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில், சாட்சி விசாரணை தினமும் நடக்கிற மாவட்ட நீதிமன்றத்தில், ஒரு நல்ல சிவில் வக்கீலிடம் சேரச் சொல்லுங்கள். பெரிய ஆபீஸ் என்று உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். முதன்மைத் தேர்வில் எழுவினா (சிவில் வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைய வேண்டும், குற்றச்சாட்டு வனைய வேண்டும், முழுத் தீர்ப்பே எழுத வேண்டும். குறுக்கு விசாரணையைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கு அது வசப்படுவது கடினம். பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர், உள்ளூர் முதன்மை நீதிபதியின் மேலொப்பத்தோடு சான்று தர வேண்டும் என்றும் அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. பேருக்குப் பதிவு செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் திட்டம் செல்லாது.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: அதே முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு. தமிழ் சாட்சியத்தை ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழுக்கும் மாற்ற வேண்டும். ஆங்கில வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் அது. வீட்டில் பழைய கிரையப் பத்திரம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். நான்கெல்லை, அனுபோகம் (கைவசம் வைத்து அனுபவித்தல்), பாத்தியதை (உரிமை) போன்ற பத்திரச் சொற்கள் எல்லாம் இப்போதே பழகட்டும். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் நேரம் இதுவல்ல.

சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை நாளில் மகளை உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். மே மாதம் வேண்டாம், சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) போன்ற சில வழக்குகள் தவிர, விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். பாதி வழக்குகள் வாய்தாவிலேயே போவதையும் அவள் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை மாறவில்லை என்றால், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்கிற அகில இந்திய சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இப்போதெல்லாம் அது டிசம்பரிலேயே வந்துவிடுகிறது. அரசு சட்டக் கல்லூரிக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும்; நீதிபதி தேர்வைப் பொறுத்தவரை எந்தக் கல்லூரிப் பட்டமும் ஒன்றுதான்.